மார்கழியில் பதிந்த முகம்

என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறுகள் எல்லாமே வயிறு நிறைந்திருந்தபோது செய்தவை. பசியோடு இருக்கும்போது நான் மிகவும் ஜாக்கிரதையான ஆள். ஒரு துண்டு வஞ்சிர வறுவலும் அதற்குப் பின்னால் கொஞ்சம் கடற்காற்றும் கிடைத்துவிட்டால் போதும், எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

மறைமலைநகரில், கார்களுக்குக் கதவுக்கீல் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் கணினித் துறைத் தலைவன். (தலைவன் என்றதும் பெரிய படையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எனக்குக் கீழே மூன்று பேர். அப்புறம் குளிரூட்டிய அறையில் ஒரு பழைய கணினி. அது என்ன செய்கிறது என்று உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது. அணைத்தால் யாருக்கும் சம்பளம் ஏறாது என்பது மட்டும் தெரியும்.)

எங்கள் முதலாளிக்கு விமான நிலையத்தில் ஒரு தொழில் பத்திரிகை படிக்கக் கிடைத்தால் எனக்கு ஆறு மாதத்துக்கு வேலை. ஒரு வருஷம் "நாம கிளவுட்ல இருக்கோமா?" என்றார். அடுத்த வருஷம் "நம்ம டேட்டா நம்மகிட்ட பேசுதா?" என்றார். அதற்கும் அடுத்து டெல்லியிலிருந்து இறங்கிய கையோடு கூப்பிட்டு, "நம்மகிட்ட ஏஐ இருக்கா?" என்றார். இருக்கிறது என்றால் காட்டச் சொல்வார். இல்லை என்றால் உங்களுக்குப் பதில் அதையே வைத்துக்கொள்ளலாமே என்பார்.

"வந்துக்கிட்டே இருக்கு சார்" என்றேன், சிங்கப்பெருமாள்கோவிலைத் தாண்டிவிட்ட மின்சார ரயிலைப் பற்றிச் சொல்வதைப் போல.

அந்த ஐப்பசியில் மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு விடுதியில் கணினித் துறைத் தலைவர்களுக்கு ஒரு கருத்தரங்கு. ஐம்பது பேர் வந்திருந்தோம். ஐம்பது பேருக்கும் ஒரே துக்கம். செலவைக் குறை என்கிறார்கள், புதுமையைக் கூட்டு என்கிறார்கள். வேலை கற்றுக்கொண்ட ஆள் மூன்றாம் மாதமே சிறுசேரி ஐடி கம்பெனிகளுக்குத் தாவிவிடுகிறார். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றால், சொல்லாமல் எழுதி மானிட்டரில் ஒட்டி வைக்கிறார்கள். வெளியே அலை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. உள்ளே திரையில் எதிர்காலம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே மதியச் சாப்பாடு. வஞ்சிரம்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேடையேறிய ஒரு நிறுவனத்தார், இனி அட்டை வேண்டாம், ரேகை வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், மனிதனின் முகமே அவன் சாவி என்றார். அரைத் தூக்கத்தில் அந்த வாக்கியம் எனக்குள் ஒரு நிலவைப் போல எழும்பியது. முகமே சாவி! எண்ணூறு பேர், எண்ணூறு முகம், ஒரே வாசல். பார்த்தவுடன் திறக்கும் கதவு! எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டேன். விரலில் இன்னும் மசாலா வாசனை.

மார்கழியில் வேலை தொடங்கியது. வாசலில் ஆளுயரச் சுழல்கதவும், அதன் நெற்றியில் ஒரு கேமராவும் வந்தன. ஒவ்வொருவராக நிற்கவைத்து முகத்தைப் பதிந்தார்கள். அதற்கு முன்னால் நிரப்பித் தரச்சொல்லி ஒரு நீண்ட படிவம் கொடுத்திருந்தார்கள். அதில் பதினேழாவது கேள்வி: 'பணியாளர்களின் முகத்தோற்றத்தில் பருவகால மாற்றங்கள் உண்டா?'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பருவத்துக்குப் பருவம் மாற இது என்ன மாந்தோப்பா?

எங்கள் தொழிற்சாலை எப்படிப்பட்டது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போடாத ஆணை அங்கே தேட வேண்டும். கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், மார்புவரை தாடி. ஃபோர்மனும் சாமி, வெல்டரும் சாமி, "சாமி, அந்த ஸ்பேனரை எடுங்க சாமி" என்றுதான் இரண்டு மாதம் உற்பத்தி நடக்கும். நானும் அந்த வருஷம் கன்னிச்சாமி. கேண்டீனில் சாமிகளுக்கென்று தனிச் சமையல், அன்று வடை பாயசத்தோடு. உண்ட களைப்பில், ஐந்து வாரத் தாடியைச் சொறிந்துகொண்டே, பதினேழாவது கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தேன்.

பாதுகாப்பில் மட்டும் நான் சமரசமே செய்துகொள்ளவில்லை. நாற்பது முகங்கள் தொடர்ந்து பொருந்தாமல் போனால் முழு வளாகமும் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், லாரி கேட் உட்பட. பூட்டியதைத் திறக்கக் கடவுச்சொல் கிடையாது (ஒட்டி வைப்பார்களே!). நிர்வாகியின் முகம் மட்டுமே திறக்கும். நிர்வாகி நான். ஃபோட்டோவைக் காட்டி ஏமாற்ற முடியாதபடி, கண்ணைச் சிமிட்டினால்தான் நம்பும். மின்சாரத்தைத் துண்டித்தாலும் எட்டு மணி நேரம் தாங்கும் பேட்டரி. பேட்டரி இருக்கிற அறைக்கும் என் முகம்தான் சாவி.

பொங்கல் விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறக்கும் நாளில் தொடக்க விழா. எட்டரைக்கு முதலாளி ரிப்பன் வெட்டுவார். ஒன்பது மணிக்கு முதல் லாரி கீல்களோடு வெளியே போயாக வேண்டும். அது போகாவிட்டால் கார் கம்பெனியில் கதவு மாட்டுகிற வரிசை நின்றுவிடும். அது நின்றால் என் உத்தியோகம் நகர்ந்துவிடும். இதை முதலாளி மிகவும் அன்பாகவே சொல்லியிருந்தார்.

அன்று காலை கொளவாய் ஏரியின்மேல் பனி ஒரு பழைய புடவையைப் போலக் கிடந்தது. புதுச் சட்டை, புதுச் சவரம். மலைக்குப் போய்வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. என் மோவாயை நானே இரண்டு மாதத்துக்குப் பிறகு சந்தித்த மகிழ்ச்சியில் செங்கல்பட்டிலிருந்து காரில் பாடிக்கொண்டே போனேன்.

முதலில் வந்தது கடப்பாக்கம் பஸ். பெரும்பாலும் பெண்கள். "வணக்கம், வணக்கம்" என்று கதவு சுழன்று சுழன்று அவர்களை விழுங்கியது. எனக்குக் கண் கலங்கியது. அடுத்து மூன்று பஸ்கள் ஒன்றாக வந்து நின்றன. அவற்றிலிருந்து இறங்கியவர்கள் ஆண்கள். மழமழவென்று, இளநீர்க் காய்களைப் போல. பாதிப் பேர் மொட்டை.

"முகம் பொருந்தவில்லை" என்றது கதவு. அடுத்த ஆள். "முகம் பொருந்தவில்லை." அடுத்த ஆள். பெண்குரல், செய்தி வாசிக்கிற நிதானம். எனக்குப் பதினேழாவது கேள்வி நினைவுக்கு வந்தபோது முப்பத்தெட்டாவது ஆள் நின்றுகொண்டிருந்தார். "நிறுத்துங்க!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் நாற்பதாவது மொட்டை கேமராவைப் பார்த்து ஆசையாகச் சிரித்தது. வளாகம் முழுக்கப் பூட்டுகள் 'டபக் டபக்'கென்று விழுந்தன. (மூன்று உதவியாளர்களில் இருவர் இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லை. மூன்றாவது ஆள்தான் அந்த நாற்பதாவது மொட்டை.)

கம்பிகளுக்கு உள்ளேயிருந்து செல்வி சிரிக்கத் தொடங்கினாள். பேக்கிங் பிரிவு, கடப்பாக்கத்து மீன்காரக் குடும்பம், குரல் கடலைத் தாண்டும்.

"ஐயே, இன்னாடி இது! சாமியா இருந்தப்ப தெரிஞ்ச ஆளுங்கள, மனுசனா வந்தா தெரிலயாம்!"

"நீ சிரிச்சிக்கினே இரு" என்றார் வெளியே நின்ற பஸ் டிரைவர் ஏகாம்பரம். "லாரி போவலன்னா எல்லாருக்கும் பேஜாரு."

நான் மிடுக்காக முன்னே நடந்தேன். நிர்வாகி வந்துவிட்டான் என்ற நடை. அப்போது ஒரு கை என் மார்பில் பட்டு நிறுத்தியது. வாசல் காவலர் கன்னியப்பன். இருபது வருஷமாக அதே வாசலில் ஒரு நீள நோட்டோடு உட்கார்ந்திருப்பவர். வரிசையில் நின்ற மொட்டைகளை ஒவ்வொன்றாகச் சுட்டி, "இவன் பிரஸ் ஷாப் முருகன், அந்தக் காதப் பாரு. இவன் படாளம் சேகரு" என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். ஒரு முகமும் தப்பவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். விசிட்டரா? யாரப் பாக்கணும்?"

பதினோரு வருஷம் அங்கே வேலை பார்க்கிறேன். ஆனால் அதிகாரிகள் வாசலில் காரோடு நுழைந்து, காரோடு போகிறவன். இந்த வாசலுக்கு நான் அனுப்பியதெல்லாம் 'அனைவருக்கும்' என்று தொடங்குகிற மின்னஞ்சல்கள். கன்னியப்பனுக்கு மின்னஞ்சல் கிடையாது.

"நான்தான் இந்த மிஷினை வச்சவன்" என்றேன் மெல்ல.

"அப்பிடியா? நல்லா வச்சீங்க போங்க."

கேமராவின் முன் நின்றேன். கண்ணைச் சிமிட்டினேன். "முகம் பொருந்தவில்லை. நிர்வாகியை அணுகவும்" என்றது.

"நிர்வாகி நான்தாம்மா!" என்று இயந்திரத்திடம் கெஞ்சினேன். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடமிருந்து, வலமிருந்து, நாடியைத் தூக்கி, கன்னத்தை உப்பவைத்து, எல்லா விதத்திலும் அணுகினேன். அது என்னை அறியவே இல்லை. நிறுவனத்தாருக்கு ஃபோன் போட்டால், விடுமுறை நல்வாழ்த்துகள் என்று ஒரு பாட்டுப் பாடியது. மணி எட்டு ஐந்து.

"கரண்ட்ட புடுங்கிட்டா?" என்றார் ஏகாம்பரம்.

பேட்டரியைப் பற்றிச் சொன்னேன். பேட்டரி அறையைப் பற்றியும்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் அதிகம் இருந்தது. "உள்ள போவத்தான் சார் கதவு வெப்பாங்க" என்றார்.

செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே உற்றுப் பார்த்தாள். "யண்ணா ஏகாம்பரம்! அதுக்கு இன்னா வோணும்? தாடிதான வோணும்? சாருக்குத் தாடி வுடேன்!"

"உடனே எப்பிடி வளரும்?" என்றேன் நான். (கணினித் துறைத் தலைவன்!)

ஏகாம்பரம் பஸ்ஸுக்கு ஓடினார். கிரீஸ் டப்பாவோடு திரும்பினார். கூட்டமே ஒரு முடிவெடுத்துவிட்ட பிறகு தனிமனிதனின் மோவாய்க்கு உரிமையில்லை. யாரோ என் தலையைப் பிடித்தார்கள். ஏகாம்பரத்தின் நான்கு விரல்கள் காதிலிருந்து காதுவரை குளுகுளுவென்று ஊர்ந்தன. கறுப்பு கிரீஸ், பஸ் சக்கரத்தின் வாசனை. பஸ்ஸில் சாமி படத்துக்கு வைத்திருந்த சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் ஓர் அப்பு. மீசையை மட்டும் முருகன் வரைந்தார். அவர் தெருவில் கோலப்போட்டியில் பரிசு வாங்கியவராம்.

"கழுத்தாண்ட இன்னும் கொஞ்சம்! சாருக்கு அங்க அடர்த்தி" என்று உள்ளேயிருந்து பெண்கள் குரல் கொடுத்தார்கள். என் தாடியை அவர்கள் இவ்வளவு கவனித்திருந்தார்களா?

கன்னியப்பன் இரண்டடி பின்வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, இப்பத் தெரியுது சார்! கேட்டாண்ட ஐயப்பன் பூஜைக்கு வந்து ரெண்டு தபா சுண்டல் வாங்கினு போனவரு!"

மறுபடியும் நின்றேன். "கண் சிமிட்டவும்" என்றது. கிரீஸ் நெடியில் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். சிமிட்டினேன். ஒரு நொடி. தொழிற்சாலையே மூச்சைப் பிடித்தது. தூரத்தில் ஒரு ரயில்கூட மெதுவாகப் போன மாதிரி இருந்தது.

"வணக்கம், நிர்வாகி."

பச்சை விளக்கு. பூட்டுகள் மழையைப் போல விழுந்து திறந்தன. "சாமியே!" என்று ஒருவர் கத்த, நானூறு பேர் "சரணம் ஐயப்பா!" என்றார்கள். கன்னியப்பன் சுழல்கதவுக்குப் பக்கத்துக் கம்பிக்கதவைத் திறந்து, ஒரு நாற்காலியைச் செருகி, அது இனி மூடாதபடி செய்தார். ஆட்கள் உள்ளே ஓடினார்கள். லாரி கேட் திறந்தது.

அந்தச் சரண கோஷத்தின் நடுவில்தான் முதலாளியின் கார் வந்து நின்றது. ரிப்பனுக்காகச் சீக்கிரமே வந்துவிட்டார். இறங்கியவர் எதிரே கறுத்த தாடியும் சந்தனமும் கண்ணீருமாக நிற்கும் என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கைகளைக் கூப்பி, "சாமி சரணம்" என்றார் பக்தியோடு.

நான் என்ன செய்ய முடியும்? "சாமி சரணம்" என்றேன்.

குரல் அவருக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டார். நீண்ட நேரம் என் மோவாயையே பார்த்தார். பிறகு கன்னியப்பனிடம் திரும்பி, "ஏஐ எப்படி இருக்கு?" என்றார்.

"சூப்பரா கீது சார்" என்றார் கன்னியப்பன், நாற்காலியை மறைத்து நின்றுகொண்டு. "எல்லாரும் உள்ள போய்ட்டாங்க."

லாரி ஒன்பது மணிக்குப் போனது. என் உத்தியோகமும் தங்கியது. கேமரா இன்னும் அங்கே இருக்கிறது. கன்னியப்பனின் மேசைக்கு அடியில் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தேன், எல்லாவற்றையும் திறக்கிற பொத்தான். அதற்குக் கடவுச்சொல் கிடையாது, முகம் கிடையாது. ஒரு கட்டைவிரல் போதும். வாரத்தில் பாதி நாள் இப்போது ஏகாம்பரத்தின் பஸ்ஸில்தான் போகிறேன். ஏறும்போதெல்லாம் "தாடி எப்ப சார்?" என்று கிரீஸ் டப்பாவைத் தட்டுவார். மாமல்லபுரக் கருத்தரங்குக்கு அடுத்த வருஷமும் போனேன். சாப்பாட்டுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன்.

கிரீஸ் போக நான்கு நாள் ஆனது. வீட்டில் அது இன்னும் போகவில்லை. ஒவ்வொரு தை மாதமும் மலையிலிருந்து வந்து, சவரம் செய்துகொண்டு, மழமழவென்று வாசலில் நின்று மணியை அடிப்பேன். என் மகள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, செய்தி வாசிக்கிற நிதானத்தில் சொல்வாள்:

"முகம் பொருந்தவில்லை. நிர்வாகியை அணுகவும்."

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வரும். "நிர்வாகி வெளியிலதான் நிக்கிறார். பாவம், திறந்து விடுடி!"