வால்நட்சத்திரத்துக்குப் போகாத எழிலரசி

பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டில் தொங்கிய பேனரைப் படித்த தக்காளி மண்டி நஞ்சப்பன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

'வால்நட்சத்திரம் செல்லும் எங்கள் எழிலரசியே, வென்று வா!'

அவர் எழுதச் சொன்னது வேறு. மகள் எழிலரசி பெங்களூரில் விஞ்ஞானி. அவளும் கூட்டாளிகளும் செய்த ஆளில்லாத விண்கலம்தான் வால்நட்சத்திரத்தைக் கிட்டப் போய் ஆராயப் போகிறது.

"இடம் பத்தலண்ணா, விண்கலத்தைத் தூக்கிட்டேன்" என்றான் பேனர் கடைப் பூவரசன்.

கழற்றச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஓடிவந்து கையைக் குலுக்கினார்கள். வாய் தானாக மூடிக்கொண்டது.

மதியம் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் ராகி மாவோடு வந்து அழுதாள். "அந்தக் குளுருல புள்ள என்னத்தண்ணா திங்கும்?"

"அழுவாத கண்ணம்மா. சீக்கிரம் திரும்பி வந்துருவா."

இந்தச் சமாதானம் கம்பைநல்லூர் வரை போய்விட்டது. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் போன் போட்டார்கள். "கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணு அங்க போயிட்டு வந்துட்டு இருக்குமுங்களா? எங்க வூட்டுக்கு ஒத்து வராதுங்க."

நஞ்சப்பன் பதறினார். "ஐயோ, அவ போகலைங்க! மெஷின் மட்டுந்தாங்க போவுது!"

சாயங்காலத்துக்குள் ஊரே கொதித்தது. எழிலரசியைக் கடைசி நேரத்தில் கழற்றிவிட்டார்களாம்! கவுன்சிலர் சென்றாயன் ஆட்களோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். நஞ்சப்பனுக்கும் மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

"அனுப்பு! அனுப்பு! எங்க பொண்ணை அனுப்பு!"

நின்ற வண்டிகளில் ஒன்றிலிருந்து அந்தப் பொண்ணே இறங்கினாள். லீவுக்கு வந்தவள். கூடவே ஆபீஸ் தோழி தெரசா.

"அப்பா! என்னப்பா இது?"

நஞ்சப்பன் எழுந்து மாலையைக் கழற்றினார். "யாரும் இவள கழட்டிவிடலைங்க. ஆளே போகாத வண்டிங்க அது. பேனரைப் பாத்தப்பவே சொல்லியிருக்கணும். பெருமையில வாய் வரல."

கூட்டம் மகள் பக்கம் திரும்பியது. எழிலரசிதான் பேசினாள். "நான் இங்கருந்தே அதை ஓட்டுவேங்க. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, பனியும் புழுதியுமா சுத்துற வால்நட்சத்திரத்தை ஒட்டிப் போயி, அது எதால ஆனதுன்னு பாத்துச் சொல்லும்."

"உக்காந்த எடத்துலருந்தே அத்தாந்தூரம் ஓட்டுவியா?" கண்ணம்மாள் வாயில் கை வைத்தாள். "போறதவிட இதுல்ல பெருசு!"

விசில் பறந்தது. மறியல் ஊர்வலமாகிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் வந்தார் நஞ்சப்பன். "உன்னைப் பத்தி இல்லாததையும் பொல்லாததையும் ஊரு நம்பும்படி விட்டுட்டேம்மா. மன்னிச்சுக்க."

எழிலரசி ஏனோ தலையையே நிமிர்த்தவில்லை.

தெரசா நஞ்சப்பனைப் பார்த்துப் பயபக்தியோடு கைகூப்பினாள். "உங்களைப் பாக்கணும்னுதாங்க நானும் வந்தேன். நிலாவுக்குப் போற ராக்கெட்டுக்கே டிசைன் போட்டுக் குடுத்துட்டு, பேரு புகழ் எதுவும் வேணாம்னு ஊருக்கு வந்துட்டீங்களாமே, எழில் ஆபீஸ் முழுக்கச் சொல்லியிருக்கா!"