பெற்றீசியா வார்

சிறில் எழுந்தான். அடுப்பு மூட்டினான். தேத்தண்ணி குடித்து, முகம் மழித்தான். சுவரில் இறந்துபோன மனைவி பெற்றீசியாவின் படமும், பக்கத்தில் கண்ணாடி போட்ட ஆக்கவுரிமைப் பத்திரமும் தொங்கின. இரண்டையும் துடைத்தான். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டான்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் பக்கத்து வீட்டு மீனம்மா, இடுப்பில் பிள்ளையைத் துணியால் கட்டிக்கொண்டு நின்றாள்.

“மாஸ்டர், இப்புடிக் கட்டுனா ஒங்கள கேக்கணுமாம்ல. கடையில பேசிக்கிறாங்க.”

“யாரு சொன்னது?”

“நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாம்.”

அவன்தான் எழுதியிருந்தான். கொழுந்துக் கூடையின் கயிறு மனைவியின் தலையை அழுத்துகிறதென்று, பாரத்தை இடுப்புக்கு இறக்கும் தோல் வார் ஒன்று செய்து கொடுத்திருந்தான். “வாரு நல்லாருக்கு.” சாகுமுன் அவள் கடைசியாகச் சொன்னது அதுதான் என்று மீனம்மா சொல்லியிருந்தாள். அதனால்தான் ‘பெற்றீசியா வார்’ என்று பெயரிட்டு, தன்னைக் கேட்காமல் வேறு யாரும் செய்யாதபடி ஆக்கவுரிமை வாங்கினான். கேட்பதைப் பெரிதாகவே கேட்போம் என்று, இடுப்பில் பாரம் தாங்கும் எந்தக் கட்டும் தன்னுடையதே என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டான்.

இப்போது கொழும்பில் கூடை செய்யும் கம்பெனி ஒன்று, பத்திரம் செல்லாது என்று வழக்குப் போட்டிருந்தது. பத்திரம் போனால் அவள் பெயரும் போய்விடும்.

“ரொம்ப அகலமாக் கேட்டுட்டீங்க மாஸ்டர்,” என்றார் அவன் வழக்கை எடுத்த அட்டன் நகரத்துச் சட்டத்தரணி கணேசமூர்த்தி. “கூடுதலா உள்ளத வேணாம்னு எழுதிக் குடுத்துருவோம். பிள்ளை?”

“வேணாம்.”

“வெறகு?”

“வேணாம்.”

“பொலிஸ்காரர் பெல்ட்?”

“அதுல பாரம் ஏது?”

“வயிறு இருக்கே.”

“வேணாம்.”

கடைசியில் மிஞ்சியது கொழுந்துக் கூடை, தோல் வார், பித்தளைக் கொக்கி. அதையாவது பலப்படுத்த நினைத்த சிறில், தானே ஒரு சத்தியக் கடதாசி எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பினான். விண்ணப்பிக்கும் முன்பே பெற்றீசியா அந்த வாரைத் தினமும் தேயிலை மலையில் எல்லோர் முன்னும் கட்டினாள், அருமையாக வேலை செய்தது என்று அதில் எழுதியிருந்தான்.

பிரதியைப் படித்த கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார்.

“விண்ணப்பத்துக்கு முந்தியே ஊரறியப் பாவிச்சா, அது புதுசு இல்ல. பத்திரம் செத்துரும்.”

“அப்ப அதையும் வேணாம்னு எழுதிருவோம்.”

“கேட்டத விடலாம் மாஸ்டர். நடந்தத எப்புடி விடுறது?”

“மலைய விட்டுர்றேன். லயத்துக்குள்ள மட்டும்னு போடுங்க.”

“லயத்துக்குள்ள எவ கொழுந்தெடுப்பா?” அவர் பெருமூச்சு விட்டார். “மலையில கட்டுனத நீங்க பாத்தீங்களா?”

“நான் அந்நேரம் பள்ளிக்கூடத்துல. பின்னேரம் கட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள நிப்பா.”

அவள் கட்டியதாலேயே அவள் பெயர் போகிறது. இது சிறிலுக்கு எந்தப் பக்கமிருந்து பார்த்தும் பிடிபடவில்லை.

கம்பெனி, பெற்றீசியாவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த மீனம்மாவையே சாட்சிக்கு அழைத்தது.

“பெற்றீசியா மலையில் இந்த வாரைக் கட்டியதைப் பார்த்தீர்கள் அல்லவா?” என்றார் கம்பெனியின் சட்டத்தரணி.

மீனம்மா சிறிலைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“கட்டுனதே இல்லீங்க.”

“சத்தியம் செய்திருக்கிறீர்கள்.”

“அதனாலதாங்க சொல்றேன். காலையில வீட்டுக்குள்ள, மாஸ்டர் முன்னாடி கட்டிக்கும். அவரு அங்கிட்டுப் போனதும் கழட்டிக் கூடைக்கடியில வச்சிரும். பின்னேரம் வந்து மறுபடி கட்டிக்கும். கட்டுனா இடுப்பு புண்ணாப் போயிருதுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லும். வேற ஒருத்தருக்கும் தெரியாது.”

கணேசமூர்த்தி சிறிலின் காதருகே குனிந்தார். “மாஸ்டர், பத்திரம் பொழச்சிருச்சு.”

சிறில் வெளியே வந்ததும் மீனம்மாவிடம் கேட்டான்.

“அப்ப, வாரு நல்லாருக்குன்னு அவ சொல்லவே இல்லியா?”

“சொல்லிச்சு மாஸ்டர். ஆஸ்பத்திரிக்கு லொறியில ஏத்தும்போது எங் கையப் புடிச்சுக்கிட்டு சொல்லிச்சு. நான்தான் பாதிய விட்டுட்டேன்.”

“முழுசாச் சொல்லுங்க.”

“‘வாரு நல்லாருக்குன்னே அவருகிட்ட சொல்லுங்கக்கா. இல்லாட்டி இன்னொண்ணு செஞ்சிருவாரு.’”