தபாலபிமானி கோவிந்தராசு

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கோ ஒரு தபால் நிலையத்தை மூடுகிறார்கள் என்று செய்தி வந்ததும் கண் கலங்குபவர், தபால்தலை என்று யாராவது பேச்செடுத்தால் குரல் தழுதழுப்பவர், ஒரு தபால்தலை இன்றைக்கு என்ன விலை என்று கேட்டால் மட்டும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பவர். கடிதம் எழுத மாட்டார். எழுதுகிறவர் எவரையும் அவருக்குத் தெரியாது. இந்த இனத்துக்குத் தபாலபிமானி என்று பெயர் வைத்திருக்கிறேன். தேக்கா வட்டாரத்தைச் சுற்றியுள்ள அடுக்குமாடி புளோக்குகளில் இவர்கள் ஏராளம். அவர்களில் தலைசிறந்தவர் எங்கள் கோவிந்தராசு.

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் கோப்பிக்கடையில் அமர்ந்து நாட்டின் எல்லாத் துறைகளையும் மேற்பார்வையிட்டு முடித்தால்தான் அவருக்குப் பசிக்கும். அவர் மனைவி வசந்தகுமாரிக்கு அவ்வளவு ஓய்வில்லை. வீட்டுப் பூசையறைச் சாமிகளுக்கு உடை தைப்பது அவர் தொழில். சாண் உயர முருகனுக்குப் பட்டு வேட்டி, விரல் நீள அம்மனுக்குச் சரிகைப் பாவாடை. இணையத்தில் ஆர்டர் வரும், தைத்துப் பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்புவார். அந்த வீட்டில் தபாலைப் பயன்படுத்தியவர் அவர், தபாலைப் பற்றிப் பேசியவர் இவர்.

சென்ற ஆண்டு தபால் நிறுவனம் ஒரு திட்டத்தை அறிவித்தது. கடிதங்கள் வருடா வருடம் குறைகின்றன. தரம்பிரிக்கும் நிலையத்தில் கடித இயந்திரங்கள் பாதி நேரம் சும்மா நிற்க, பக்கத்துக் கூடத்தில் பொட்டலங்கள் கூரையை முட்டுகின்றன. ஆகவே சில கடித இயந்திரங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டலம் பிரிக்கும் இயந்திரங்களை வைப்பார்கள். இனிமேல் பொட்டலம் தினமும் வரும், கடிதம் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அவ்வளவுதான் திட்டம்.

கோவிந்தராசு கொதித்துப்போனார். ஒருநாள் விட்டு ஒருநாளா? கடிதத்துக்கா? அன்று மாலையே வாட்ஸ்அப்பில் 'தபாலைக் காப்போம்' என்று ஒரு குழு ஆரம்பித்தார். வட்டாரமே சேர்ந்தது. பறவைகள் கடிதம் கவ்வி வரும் படங்கள் குவிந்தன. நம் எதிர்ப்பு மனுவைத் தபாலிலேயே அனுப்பினால் பொருத்தமாக இருக்குமே என்று ஓர் அப்பாவி கேட்டதற்கு, போய்ச் சேர நாளாகும் என்று கோவிந்தராசு பதில் போட்டார்.

சமூக மன்றத்தில் கலந்துரையாடல் வைத்தார்கள். திட்டத்தை வகுத்த அஃப்ரீன் என்ற இளம் அதிகாரி வந்து, படம் போட்டுப் பொறுமையாக விளக்கினார். பிறகு கோவிந்தராசு எழுந்தார். கடிதத்தின் வாசனை, கையெழுத்தின் உயிர், தபால்காரரின் மணியோசை என்று, அவர் பிறந்து வளர்ந்த அடுக்குமாடியில் என்றுமே கேட்டிராத மணியோசையையும் சேர்த்து, முழங்கினார். முடித்ததும் அஃப்ரீன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அங்கிள், உங்களுக்குக் கடைசியா எங்கேருந்து கடிதம் வந்துச்சு?"

கோவிந்தராசு சற்று யோசித்தார். "டவுன் கவுன்சில்லேருந்து. லிஃப்ட் ரிப்பேர்னு."

"அது ஒருநாள் லேட்டா வந்தா ஏதும் பிரச்சினையா?"

"இது லிஃப்ட் விஷயம் இல்ல லா. கொள்கை விஷயம்."

மண்டபம் கைதட்டியது. மற்ற வட்டாரங்களிலும் இதே கைதட்டல் கேட்கவே, தீபாவளி முடியும்வரை திட்டத்தை நிறுத்தி வைப்பதாக நிறுவனம் சொல்லிவிட்டது. கோப்பிக்கடையில் கோவிந்தராசுவின் கோப்பிக்கு யார் யாரோ காசு கொடுத்தார்கள்.

பொட்டலங்களுக்குக் கைதட்டல் கேட்கவில்லை. பண்டிகை நெருங்க நெருங்க அவை பழைய கூடத்திலேயே தேங்கின. வசந்தகுமாரியின் கைபேசி ஓயாமல் அலறியது. பூன் லேயில் ஒரு முருகன் சாயம் போன வேட்டியோடு நிற்கிறாராம். பாசிர் ரிஸில் நவராத்திரி பாதி தாண்டியும் அம்மனுக்குப் புடவை வந்து சேரவில்லையாம். நீண்ட நாள் வாடிக்கையாளர் ஒருவர், இனி ஊரிலிருந்தே வரவழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். பல வருடம் ஊசியும் நூலுமாய்ச் சேர்த்த பெயர் கண் முன்னால் கரைவதை வசந்தகுமாரி பார்த்துக்கொண்டிருந்தார். கத்துகிற சுபாவம் அவருக்கு இல்லை. கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நீங்க தபாலைக் காப்பாத்தினது போதும். நாளையிலேருந்து இதையெல்லாம் நீங்களே கொண்டுபோய்க் குடுங்க."

குழுவின் தலைவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் நாள் பூன் லே, அங்கிருந்து தீவின் மறுகோடியில் பாசிர் ரிஸ், அங்கே பையைத் துழாவியபோது பூன் லேக்கு இன்னொன்று இருந்தது தெரிந்து மீண்டும் மேற்கே. வீடு திரும்பியபோது செருப்பு கடித்துக் கால் வீங்கியிருந்தது. ஆறுதல் சொல்ல வீட்டில் யாரும் முன்வரவில்லை.

ஆனால் மறுநாள் உட்லண்ட்ஸில் ஒரு கதவு திறந்தது. திறந்த பெண் பொட்டலத்தை அங்கேயே பிரித்து, மாமியாரைக் கூப்பிட்டு, இவரை உள்ளே உட்கார வைத்து, அம்மனுக்குப் பாவாடையைக் கட்டிவிட்டு அழகு பார்த்தாள். நேரத்துக்கு வந்துவிட்டது என்று இரண்டு முறை சொன்னாள். இவ்வளவு பேசியும் கிடைக்காத ஏதோ ஒன்று அந்த நாற்காலியில் கோவிந்தராசுவுக்குக் கிடைத்தது. கொடுத்த தேநீரை மெதுவாகக் குடித்து முடித்தார்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையைக் காலி செய்து, பொட்டலங்களைப் பச்சைத் தடம், சிவப்புத் தடம், ஊதாத் தடம் என்று ரயில் வாரியாக அடுக்கினார்.

"மேற்குப் பக்கம் தினமும் போக வேணாம். ரெண்டு நாளைக்குச் சேர்த்து வச்சுப் போனா ஒரே நடை. அந்த நேரத்துல கூட்டம் இருக்குற பக்கம் போகலாம்."

வசந்தகுமாரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "இதத்தான் மன்றத்துக்கு வந்த அந்த ஆபிசர் பொண்ணும் சொல்லுச்சு."

கோவிந்தராசு எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

தீபாவளி கழிந்து மறுபடியும் கலந்துரையாடல். தலைவர் முழங்குவார் என்று முன்வரிசை காத்திருந்தது. முழங்கினார். இத்திட்டத்தை உடனே செயல்படுத்த வேண்டும் என்றும், தாம் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் வலியுறுத்தி வந்ததாகவும், நேரில் சென்று கள ஆய்வு செய்திருப்பதாகவும் சொன்னார். அதே கைதட்டல். அஃப்ரீன் முகத்தில் எதையும் காட்டாமல் நன்றி அங்கிள் என்றார். கெட்டிக்காரப் பெண்.

இயந்திரங்கள் மாறின. வசந்தகுமாரியின் பொட்டலங்கள் மறுநாளே போய்ச் சேர்கின்றன. விட்டுப்போன அந்த வாடிக்கையாளர் மட்டும் திரும்பவில்லை. கோவிந்தராசு? வட்டார வங்கிக் கிளையை மூடப்போகிறார்களாம். கணக்குப் புத்தகத்தின் புனிதத்தைக் காப்பதில் மும்முரமாக இருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன்னால், கீழ்த்தளத்தில் உள்ள உங்கள் கடிதப்பெட்டியைத் திறக்கும் சாவி இப்போது வீட்டில் எங்கே இருக்கிறது என்று மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். இல்லை, அந்த அலமாரியில் இல்லை. அங்கே ஏற்கெனவே தேடிவிட்டீர்கள்.