கெட்டில் மூக்கும் மூன்றாவது கட்டமும்

எங்கள் பிரிவின் முழுப்பெயர் வளைகோட்டு ஒப்புதல் பிரிவு. மேலதிகாரியையும் சேர்த்து மூன்று பேர், ஒரு ரப்பர் ஸ்டாம்ப். கம்பெனியில் வரையப்படும் எந்தப் பொருளும் எங்கள் கையெழுத்தில்லாமல் வார்ப்பு அச்சு வெட்டும் பட்டறைக்குப் போகாது.

கெட்டில் வரைந்த பெண் ஒரு திங்கட்கிழமை வந்து நின்றார். கெட்டில் தேறினால் அவருக்கு வேலை நிரந்தரம்; ஒழுகினால் வீட்டுக்கு. உடம்போடு மூக்கு சேரும் இடத்து வளைகோட்டைக் காட்டினார். அந்தக் கோடு ஃபைலில் இரண்டு தடவை இருக்கும். ஒன்று, அந்தரத்தில் அது எப்படி வளைந்து போகிறது என்ற கோடு. இன்னொன்று, கெட்டிலின் பரப்பை வரைபடம் மாதிரி விரித்து அதன்மேல் போட்ட கோடு. எங்கள் கம்ப்யூட்டரில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டறைக் கம்ப்யூட்டர் வேறு ரகம். அங்கே போனதும் இரண்டும் மயிரிழை அளவு விலகிவிடும். ஆகவே எதை நம்புவது என்று படிவத்தில் நாங்கள் சொல்ல வேண்டும். மூன்று கட்டங்கள்: அந்தரக் கோடு, பரப்புக் கோடு, இரண்டும் சமம்.

"பரப்புக் கோடுன்னு ஒரு டிக் போடுங்க சார், போதும்," என்றார்.

நியாயமான கோரிக்கைதான். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஏன் என்று நாளைக்கு எவனாவது கேட்பான். இருபத்திரண்டு வருட சர்வீஸில் மூன்றாவது கட்டத்தைத் தவிர வேறெதையும் என் பேனா தொட்டதில்லை. தொட்டிருந்தால் இந்த நாற்காலியில் இருப்பேனா?

இரண்டும் சமமென்றால் எதை வெட்டுவது என்று பட்டறை திருப்பி எழுதியது. மேலதிகாரி உடனே கமிட்டி போட்டார். கமிட்டி என்றால் நாங்கள் மூவர்தான், கதவைச் சாத்திக்கொண்டு. எந்தக் கோட்டுக்கும் மனவருத்தம் வராமல் நட்டநடுவே புதிதாக ஒரு கோடு போடுவதென்று ஏகமனதாக முடிவாயிற்று.

கெட்டில் வந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். பாதி மூக்கு வழியாகவும் பாதி மூக்கடி வழியாகவும் வந்து மேலதிகாரியின் மடியை நனைத்தது.

"ரெண்டு பக்கமும் சமமாத்தான் வருது," என்றார் அவர், திருப்தியாக. தேறியது என்று ஒரு தாளிலும் ஒழுகுகிறது என்று மறுதாளிலும் கையெழுத்திட்டார். அதன்படி அன்று மாலையே அந்தப் பெண்ணுக்குப் பணி நிரந்தர உத்தரவும் பணிநீக்க உத்தரவும் வந்து சேர்ந்தன. எது செல்லும் என்ற படிவம் என் மேஜைக்கு வந்தது.

"எதையாவது ஒண்ணு போடுங்க சார். போன்னா போயிடறேன்."

பாவமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன்.

கமிட்டி மறுபடி கூடி, அவருடைய நாற்காலியை வாசற்படியில் போடச் சொன்னது: இரண்டு கால் உள்ளே, இரண்டு கால் வெளியே. பூட்ட வந்த வாட்ச்மேன் குழம்பிப்போனார்.

"ஐயா, இந்தம்மாவ உள்ள வச்சுப் பூட்டவா, வெளிய வச்சுப் பூட்டவா?"

கேள்வியை எழுத்து மூலம் தரச் சொன்னோம். அதற்குள் அந்தப் பெண் எழுந்து, நாற்காலியை வெளியே இழுத்து, வாட்ச்மேன் கையிலிருந்த பூட்டை வாங்கி எங்கள் மூவரையும் உள்ளே வைத்துப் பூட்டினார். ஜன்னல் வழியாக ஒரு படிவம் வந்தது.

"நீங்க உள்ளயா, வெளியவான்னு ஒரு டிக் போட்டுக் குடுங்க சார். அதுபடியே செஞ்சிடறேன்."

மூன்றே கட்டங்கள்: உள்ளே, வெளியே, இரண்டும் சமம். டிக் போட்டு, ஸ்டாம்ப் அடித்து, மூவரும் கையெழுத்திட்டு நீட்டினோம்.

அவர் அதை நிதானமாகப் படித்தார். கதவை ஒரு சாண் திறந்து, சங்கிலி மாட்டிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். குறை சொல்ல வழியில்லை. படிவத்தில் அப்படித்தான் இருந்தது.