பெட்டிக்காரர் கண்டுபிடித்த உளவுக்கோள்

தன் கண்டுபிடிப்பைப் பற்றி இனி உயிரே போனாலும் வாயைத் திறப்பதில்லை என்று பெட்டிக்காரர் முடிவு செய்தது பல் துலக்கும்போது. வாய் நிறைய நுரை இருந்ததால் அப்போது அது சுலபமாகவும் இருந்தது.

இயந்திரங்களை அனுப்ப மரப்பெட்டி அடிக்கும் கம்பெனியில் அவர் மேற்பார்வையாளர். மூடின பெட்டியை வெளியிலிருந்து பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமை மனுஷனைச் சும்மா இருக்க விடவில்லை. ஒரு ரகசிய உளவுச் செயற்கைக்கோளை லாரியில் ஏற்றி ராக்கெட் தளத்துக்குக் கொண்டுபோகும் படம் செய்தித்தாளில் வந்தது. பெட்டி மூடித்தான் இருந்தது. ஆனால் லாரியின் டயர் தெரிந்தது! டயரை வைத்துப் பெட்டியின் அளவைப் பிடித்தார். அதில் பலகைக்கும் பஞ்சுக்கும் கழித்துக் கோளின் அளவைப் பிடித்தார். அதிலிருந்து உள்ளே இருக்கும் கேமராக் கண்ணாடியின் அகலத்தையும் பிடித்துவிட்டார். அது வானத்திலிருந்தே தரையில் கிடக்கும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிடும். சட்டைப் பட்டனைப் பார்க்க முடியாது. அவ்வளவு துல்லியமான கணக்கு.

மொட்டை மாடி அறையில் அட்டையால் ஆளுயரக் கோள் ஒன்றைச் செய்தும் வைத்தார்.

“அந்த ரூம் காலியானா எங்கம்மா வந்து தங்குவாங்க,” என்றாள் மனைவி. அவள் தையற்காரி.

“ஆபீஸ் வேலை நடக்குதும்மா. முடியட்டும்.”

“சரிங்க,” என்று ஊசியில் நூல் கோத்தாள்.

பெருமையை எத்தனை நாள்தான் அடக்குவது? வானம் பார்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் புனைபெயரில் அட்டைக் கோளின் படத்தைப் போட்டார். பாராட்டு குவிந்தது. கூடவே ‘நிழல்’ என்ற பெயரில் ஒரு கேள்வியும் வந்தது: ‘அருமை. உங்கள் மாடி அறைக்கு மேற்கே பார்த்த ஜன்னல்தானே?’

பெட்டிக்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பேரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. ஜன்னல் எப்படித் தெரிந்தது? மேலேயிருந்து பார்க்கிறார்களோ? அன்று முதல் மொட்டை மாடிக்கும் தெருவுக்கும் குடை பிடித்துக்கொண்டுதான் போனார்.

“வெயிலே இல்லையே, எதுக்குங்க குடை?”

“உடம்புக்கு நல்லது.”

“யார் உடம்புக்கு?”

இரண்டு நாளில் அடுத்த இடி. வெளியே எட்டிப் பார்த்தவர் மனைவியிடம் ஓடி வந்தார்.

“எதிர்ல ஒருத்தன் நின்னு நம்ம மாடியையே பார்க்கறான். கையில அளவு டேப்பு!”

“பார்த்துட்டுப் போறான். மாடி என்ன தேய்ஞ்சா போயிடும்?”

“என்னைப் பிடிச்சுட்டுப் போயிட்டா நீ என்ன பண்ணுவே?”

“எதுக்குப் பிடிக்கணும்? ஆபீஸ் வேலைதானே பார்க்கறீங்க?”

ஜெயில்கூடப் பரவாயில்லை. இவள் தன்னந்தனியாகத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதை நினைத்தபோதுதான் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றே நிழல் எழுதியது: ‘உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த அறையில் ஒரு துரும்பு இருக்கக் கூடாது.’

சனிக்கிழமை இரவுக்குள் ஒரு துரும்புகூட மிஞ்சவில்லை. கோளை வெட்டிச் சுக்குநூறாக்கினார். ஆணிகளைப் பிடுங்கினார். கைரேகை இருக்குமே என்று தரையைக் கழுவி, ஜன்னலைத் துடைத்து, சுவருக்கு வெள்ளையும் அடித்தார்.

ஞாயிறு காலை வாசலில் வண்டி வந்து நின்றது. பெட்டிக்காரர் போய், விலங்கு மாட்ட வசதியாக இரண்டு கையையும் நீட்டினார்.

கையில் ஒரு டிரங்குப் பெட்டி வந்து உட்கார்ந்தது.

“நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை? நீங்களே வந்து பெட்டியை வாங்குவீங்கன்னு நினைக்கவே இல்லை,” என்றாள் மாமியார். பின்னாலேயே அந்த டேப் ஆள், தலையில் கட்டில் சட்டத்தோடு.

“இவர் கட்டில் கடைக்காரர். மாடிப்படியில கட்டில் ஏறுமான்னு பார்க்க வந்திருந்தார்,” என்றாள் மனைவி.

“அப்போ... அந்த நிழல்?”

“நான்தான். ஆபீஸ் வேலைக்கு எதுக்கு இவ்வளவு அட்டைன்னு நெட்ல தேடினேன். யார் வேணும்னாலும் பார்க்கற குழுதானே அது? உங்க கோளுக்குப் பின்னாடி நான் தைச்ச திரை தொங்குது. என் தையல் எனக்குத் தெரியாதா? மூடின பெட்டிக்குள்ள இருக்கறதை நீங்க கண்டுபிடிக்கலாம், மூடின வாய்க்குள்ள இருக்கறதை நான் கண்டுபிடிக்கக் கூடாதா?”

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஜெயில் இல்லை என்ற நிம்மதியில் அதுவும் வரவில்லை. கட்டிலுக்கு ஒரு பக்கம் கை கொடுத்து மாடி ஏற்றினார்.

மறுநாள் தைரியமாக, குடையில்லாமல் வேலைக்குக் கிளம்பினார். தெருவில் கால் வைத்ததும் மொட்டை மாடி உச்சியிலிருந்து குரல் வந்தது:

“மாப்பிள்ளை! சட்டையில ரெண்டாவது பட்டனைக் காணோம்!”