சடையண்ணன் வீட்டுச் சர்க்கரை

விளக்கம் சொல்லும் ஆசையால் நான் இழந்த வேலைகள் பல. அவற்றில் மூத்திர வேலைக்குத்தான் முதலிடம்.

பத்தாவது தேறாமல் லாரி, செங்கல் சூளை, ஓட்டல் என்று சுற்றிக்கொண்டிருந்த என்னை, 2004-இல் ஓர் ஆராய்ச்சிக்கார அம்மா கொல்லிமலைக்கு அனுப்பினார். செலினியம் என்ற சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அதன்பின் ஒரு நாள் முழுக்கப் போகும் மூத்திரத்தைக் கேனில் பிடித்து வர வேண்டும். சத்து உடம்புக்குள் என்னென்னவாக மாறி வெளியேறுகிறது என்று அளப்பார்களாம். முதல் கேன் ஒழுங்காக வந்தால் வேலை நிரந்தரம். (மலையில் என்னை 'சார்' என்றார்கள். அதற்காக எதையும் சுமப்பேன்.)

மலையில் தேவனூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில் மரவள்ளி போட்டிருந்த சடையண்ணன் சம்மதித்தார். மாத்திரையை விழுங்கிவிட்டு, "இது உள்ள போயி என்னங்க பண்ணும்?" என்றார். தெரியாது என்றிருக்கலாம். நானோ, அம்மா சொன்னதில் காதில் விழுந்த பாதியை எடுத்துவிட்டேன்.

"சர்க்கரையா மாறி மூத்திரத்துல வந்துருங்க!"

அவர் மனைவி முறத்தைக் கீழே வைத்தார். "சக்கரைங்களா?"

"ஆமாங்க்கா, நல்லாவே வரும்!"

மறுநாள் கேன் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. பூரித்துப்போய், செம்மேட்டில் பஸ் ஏறி மடியில் வைத்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு கேன் குலுங்கியது.

"மலைத்தேனுங்களா?" என்றார் கண்டக்டர்.

"அதவிட ஒசத்திங்க."

நான்காம் நாள் அம்மா கூப்பிட்டார். "ஏம்ப்பா, அந்தச் சடையனுக்கு வால் இருக்கா?"

"இல்லீங்களே."

"அப்ப இது யாரோடது? செலினியம் மாறுன சர்க்கரையக் காணோம். புல்லுத் தின்ன உடம்புதான் தெரியுது."

மறுபடி மலையேறினேன். அக்கா தயங்காமல் ஒப்புக்கொண்டார். "மகளப் பொண்ணு பாக்க வராங்க சாமி. அப்பனுக்குச் சக்கரை வியாதின்னு நீங்க காயிதத்துல எழுதிட்டா? அதான் நம்ம செவலைப் பசுவோடதப் புடிச்சு ஊத்துனேன். அதுக்கு ஒரு நோவும் இல்லீங்க."

அது வியாதியில்லை, செலினியம் வெளியேறும்போது போட்டுக்கொள்ளும் வேஷம் என்றேன்.

"அப்பறம் ஏஞ்சாமி சக்கரைன்னீங்க?"

வேலை போனது. பெண்ணுக்குக் கல்யாணம் மட்டும் நடந்தது. பந்தியில் அக்காவே எனக்கு இரண்டு முறை பாயசம் ஊற்றினார்.

இப்போது எனக்கு நிஜமாகவே சர்க்கரை வியாதி. பரிசோதனைக்குப் புட்டியோடு கிளம்பும்போதெல்லாம் என் மனைவி வாசலில் மறித்துக் கேட்பாள்:

"ஏனுங்க, இது உங்களுதா, செவலையோடதா?"