இந்த அவைக்கு உறுதி அளிக்கிறேன்

எம்.பி. பெருமாளுக்குக் குலுக்கலில் விழுந்துவிட்டது. ஸ்கூட்டரோ குக்கரோ இல்லை, கேள்வி. மக்களவையில் அமைச்சர்களிடம் கேட்பதற்காக உறுப்பினர்கள் எழுதிப் போட்ட கேள்விகளைக் குலுக்கி எடுத்ததில், வருகிற செவ்வாய்க்கிழமைக்கு இவருடையது முதலாவதாக வந்திருந்தது.

வேறு எம்.பி.யாக இருந்தால் ஆம்பூர் மேம்பாலம் பூரா போஸ்டர் ஒட்டியிருப்பார். பெருமாள் தப்பிக்க வழி தேடினார். ஜெயித்துப் போன நாளிலிருந்து சபையில் அவர் வாய் திறந்தது பதவி ஏற்றபோது மட்டும்தான். அதற்கும் நடுவில் தண்ணீர் கேட்டார்.

"ஏய்யா அன்பரசா, இத வாபஸ் வாங்க முடியாதா?" என்றார், ஆம்பூர் ஆபீசில் உட்கார்ந்து.

"தலைவரே, ஊரே பாத்துக்கினு இருக்கு. இப்ப வாபஸ் வாங்கினா அசிங்கம்."

அன்பரசன் எம்.பி.யின் உள்ளூர் உதவியாளர். கேள்வியை எழுதியதே அவன்தான். அமெரிக்காக்காரன் நம் ஷூவுக்குப் போட்ட வரியைக் குறைக்க அந்த நாட்டோடு பேச்சுவார்த்தை நடக்கிறதா, அதுவரைக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிலாளிகளுக்கு வர்த்தக அமைச்சர் என்ன செய்யப் போகிறார் என்று கேள்வி. நாட்டு நலன் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்பரசனின் மனைவி கிறிஸ்டினா ஒரு ஷூ கம்பெனியில் இரண்டாவது தையல் லைனில், ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிறாள். ஆர்டர் இல்லை, மாசக் கடைசியில் இரண்டாவது லைனை மூடப் போகிறார்கள் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. அவள் சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. எம்.பி. கொடுப்பது அவருக்கு ஞாபகம் வரும்போதுதான் வரும்.

"அமைச்சர் எழுதி வச்ச பதிலக் கொடுத்துருவாரு தலைவரே. அதுக்கப்புறம் நீங்க துணைக் கேள்வி கேக்கலாம். அதுலதான் அவர மடக்கணும்."

"அவரு என்ன மடக்கிட்டா?"

நியாயமான சந்தேகம். அதனால் அன்பரசன் ஒத்திகை ஏற்பாடு செய்தான். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு, எம்.பி. தன்னைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்வதற்காக அலமாரி மேல் செல்போனை நிறுத்தி வீடியோவும் ஓடவிட்டான். "இது ஒத்திகை, தலைவர் பழகுறதுக்காக" என்று ஆரம்பத்திலேயே பேசிப் பதிவும் செய்தான். அந்த அளவுக்கு ஜாக்கிரதை.

அமைச்சராக உட்கார்ந்தது அவனுடைய தோஸ்த் இன்பராஜ், வேலூர்க் கல்லூரியில் வணிகவியல் வாத்தியார். எம்.பி. கேட்டார். இன்பராஜ் வரி எவ்வளவு, ஏற்றுமதி எவ்வளவு விழுந்தது, அரசாங்கம் எங்கே கோட்டைவிட்டது என்று கடகடவென்று உண்மையைச் சொல்லி முடித்தான்.

"ரொம்ப நல்லா சொன்னீங்க சார்," என்று எம்.பி. உட்கார்ந்துவிட்டார். கேட்க அவருக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

அன்பரசன் தலையில் கை வைத்தான். "டேய், எந்த அமைச்சர்டா இப்படிப் பதில் சொல்வாரு? என்ன வேணா சொல்லலாம், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லக் கூடாது. அதான்டா அமைச்சர்."

"அப்ப என்னால முடியாது. பொய் சொன்னா எனக்குத் திக்கும்," என்றான் இன்பராஜ்.

கேட்டதற்குப் பதில் சொல்லாத ஆள் ஆம்பூரில் யார்? யோசிக்கவே வேண்டியதில்லை. கிறிஸ்டினா தினமும் வீட்டுக்கு வந்து திட்டுகிற பெயர் ஒன்று இருந்தது. அவள் கம்பெனியின் ஹெச்.ஆர். மேடம் விஜயகுமாரி. மூன்று மாதமாகப் பெண்கள், "லைன மூடுவீங்களா மேடம்?" என்று கேட்பதும், அந்த அம்மாள் நெற்றி சுருங்காமல், "நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோயிருக்கேன்மா, சாப்டியா?" என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது. அன்பரசன் போன் செய்தான். சனிக்கிழமை கம்பெனி அரைநாள்தானே என்று அவளும் வந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதே பாதி அமைச்சராகத் தெரிந்தாள்.

எம்.பி. எழுந்து கேட்டார்.

"மாண்புமிகு உறுப்பினர் மிக முக்கியமான கேள்விய எழுப்பியிருக்காரு," என்றாள் விஜயகுமாரி. "அதுக்காக அவரப் பாராட்டுறேன். தோல் தொழிலுக்கும் நம்ம நாட்டுக்கும் உள்ள உறவு ரொம்பப் பழமையானது. அரசு எல்லாக் கோணத்துலயும் பரிசீலிக்குது. உறுப்பினரோட அனுபவத்தையும் அரசு பயன்படுத்திக்கும்."

எம்.பி.க்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நன்றிங்க," என்று உட்கார்ந்தார்.

"தலைவரே, அவங்க ஒண்ணுமே சொல்லல."

"சொல்லலதான். ஆனா மரியாதையா சொன்னாங்கய்யா."

மறுபடி கேட்டார். மறுபடி பாராட்டு. மூன்றாவது முறை எம்.பி. கைதட்டியே விட்டார். இவர் டெல்லியில் எழுந்து நன்றி சொல்லிவிட்டு உட்காரத்தான் போகிறார், கிறிஸ்டினா வீட்டில் உட்காரத்தான் போகிறாள் என்று நினைத்தபோதுதான் அன்பரசனுக்கு அந்த விபரீத யோசனை வந்தது.

"தலைவரே, அமெரிக்கா, இருதரப்பு ஒப்பந்தம் எல்லாத்தையும் மறந்துருங்க. அதான் உங்களுக்கு ஒட்டல. இவங்க இவங்களாவே இருக்கட்டும். அவங்க கம்பெனியப் பத்தியே கேளுங்க. கோவம் தானா வரும்."

வந்தது. பெருமாளும் பழைய தோல் பதனிடும் ஷாப் தொழிலாளிதானே. பச்சைத் தோல் தூக்கிய கை அது. எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார்.

"ஏம்மா, அந்த ரெண்டாவது லைன்ல எத்தினி பொம்பளைங்க வயிறு இருக்குது தெரியுமா? மூடுவீங்களா, மாட்டீங்களா? பரிசீலன கிரிசீலனன்னா விட மாட்டேன். ஒரே வார்த்தைல சொல்லுங்க."

விஜயகுமாரி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டு, நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"மூட மாட்டோம். ரெண்டாவது லைன்ல ஒருத்தரையும் நிறுத்த மாட்டோம்னு இந்த அவைக்கு உறுதி அளிக்கிறேன்."

"மடக்கிட்டேன்யா," என்று எம்.பி. குழந்தை மாதிரி சிரித்தார். எல்லோருக்கும் பிரியாணி வந்தது. அன்பரசன் வீடியோவை எம்.பி.க்கும் இன்பராஜுக்கும் விஜயகுமாரிக்கும் அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸ் வாசலில் மாலையோடு ஒரு கும்பல் நின்றது. எல்லாம் இரண்டாவது லைன் பெண்கள். முன்னால் நின்ற பிரிசில்லா செல்போனை நீட்டினாள். வீடியோவில் எம்.பி. கேட்கிறார், ஹெச்.ஆர். மேடம் உறுதி அளிக்கிறாள். அவ்வளவுதான் இருந்தது. ஒத்திகை என்று அன்பரசன் சொன்ன பேச்சைக் காணோம்.

"எங்க எம்.பி. ஆபீசுக்கே கூப்டு வச்சுக் கேட்டாரு பாருங்க," என்று பிரிசில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எம்.பி. மாலையைப் போட்டுக்கொண்டார். போடாதே என்று யாராவது சொல்வதற்குள் கழுத்தில் விழுந்துவிட்டது.

அன்பரசன் விசாரணையில் இறங்கினான். யார் அனுப்பினார்கள்? இன்பராஜைக் கேட்டான். "எனக்குப் பொய் சொன்னாலே திக்கும்டா, நான் எங்க வீடியோவ வெட்டுறது?" என்றான் அவன். எம்.பி.க்கு வீடியோவைத் திறக்கவே இன்னொருவர் வேண்டும். விஜயகுமாரி தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வாளா? மிச்சம் இருப்பது அன்பரசனின் செல்போன். அது ராத்திரி முழுக்க வீட்டில் கிறிஸ்டினா பக்கத்தில் சார்ஜில் கிடந்தது.

சரி, மறுப்பு விடலாம் என்று எம்.பி. பெயரில் ஓர் அறிக்கை எழுதி வாட்ஸாப்பில் போட்டான். 'அந்த வீடியோவில் அளிக்கப்பட்டது உண்மையான உறுதி அல்ல, அது நாடாளுமன்றப் பயிற்சிக்காக எடுக்கப்பட்டது.' சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். மத்தியானத்துக்குள் ஊரில் வேறு செய்தி கிளம்பிவிட்டது: வாக்குக் கொடுத்துவிட்டு முதலாளி பின்வாங்குகிறார், எம்.பி.யையும் மிரட்டி மறுப்பு எழுதி வாங்கிவிட்டார்கள்.

சாயங்காலம் விஜயகுமாரியே வந்தாள். தனியாக வரவில்லை, கம்பெனி மேனேஜரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற டீக்கடைக் கூட்டம் பூராவும் கேட்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள்.

"உங்கள நம்பி வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும். நடிக்கக் கூப்ட்டு இப்படிக் கழுத்தறுப்பீங்களா? என் வேல போச்சுன்னா யாரு பதில் சொல்றது? சார் கேக்குறாரு, நான் இன்னான்னு சொல்லட்டும்?"

மேனேஜரே அவளைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிட்டது. "விடுங்க மேடம், நீங்க இன்னா பண்ணுவீங்க, இது எம்.பி. பண்ண வேல," என்று அன்பரசனை முறைத்தார். அன்பரசனுக்கு அவமானத்தில் அழுகை வந்தது. ஒரு நல்ல பொம்பளையின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று உண்மையாகவே வருந்தினான். கிறிஸ்டினாவைக் கேட்கவும் பயம். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

திங்கட்கிழமை கம்பெனி கேட்டில் இரண்டாவது லைன் மட்டும் இல்லை, எல்லா லைனும் நின்றது. விஜயகுமாரி வெளியே வந்து, "இது நிர்வாகத்தின் கவனத்துக்கு..." என்று ஆரம்பித்தாள். கூட்டம் முடிக்க விடவில்லை.

"அன்னைக்கு வேற சொன்னீங்களே மேடம்."

"சொன்னேன்தான்," என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதோடு தீர்ந்தது. டிவிக்காரர்கள் அதை அப்படியே எடுத்துப் போட்டார்கள்.

முதலாளி அப்போது இத்தாலியில் ஒரு ஷூ கண்காட்சியில் இருந்தார். தொழிலாளர் தகராறு என்று தெரிந்தால் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் இருக்கிற ஆர்டரையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதைவிடப் பெரிய பயம், நாளைக்கு இதே எம்.பி. மக்களவையில் முதல் ஆளாக எழுந்திருக்கப் போகிறார். டெல்லி விமானத்தில் ஏறவிருந்த பெருமாளை முதலாளி போனில் பிடித்தார்.

"எம்.பி. சார், சபைல நம்ம கம்பெனி பேரு மட்டும் வரக் கூடாது. ரெண்டாவது லைன மூடல. எழுதிக் கையெழுத்துப் போட்டு கேட்லயே ஒட்டச் சொல்லிட்டேன்."

"சரிங்க," என்றார் எம்.பி. அவருக்கு எந்தக் கம்பெனி பெயரையும் சொல்லும் உத்தேசமே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் டிவி முன்னால் நிற்க இடமில்லை. சபாநாயகர் பெருமாளின் பெயரைக் கூப்பிட்டார். பெருமாள் எழுந்தார், வேட்டியை இறுக்கினார், வாயைத் திறந்தார். அதற்குள் வேறு ஏதோ விவகாரத்துக்காக ஒரு கூட்டம் பதாகைகளோடு சபை நடுவே ஓடிவந்து கோஷம் போட, அவை ஒத்திவைக்கப்பட்டது. அமைச்சரின் பதில் எழுத்தில் மட்டும் வந்தது. பேச்சுவார்த்தை நடக்கிறது, அரசு எல்லாக் கோணத்திலும் பரிசீலிக்கிறது. கிட்டத்தட்ட விஜயகுமாரி சொன்னதேதான். பாராட்டு மட்டும் இல்லை.

டெல்லியிலிருந்து எம்.பி. போன் செய்தார். குரலில் அத்தனை நிம்மதி. "கேக்க விடலியேப்பா, நான் ரெடியாத்தான் இருந்தேன்."

ஆக, பெருமாள் தன் பதவிக் காலத்தில் கேட்ட ஒரே கேள்வி ஆம்பூர் ஆபீசில் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்துக் கேட்டதுதான். அதற்குத்தான் பதிலும் கிடைத்தது.

அன்று சாயங்காலம் அன்பரசன் வீட்டுக்கு வந்தான். கிறிஸ்டினா வேலையிலிருந்து வந்து டீ போட்டுக்கொண்டிருந்தாள். வேலை நிலைத்துவிட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. அவனால் அதற்கு மேல் மனதில் வைத்திருக்க முடியவில்லை.

"இன்னா கிறிஸ்டி, உண்மையச் சொல்லு. அந்த வீடியோவ கம்பெனி குரூப்ல போட்டது நீதான?"

"ஆமா."

"ஏன்டி இப்படிப் பண்ண? பாவம், அந்தம்மா அத்தினி பேரு முன்னாடி எப்படித் துடிச்சுது தெரியுமா? நாளைக்கு நான் போய்க் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும்."

கிறிஸ்டினா டீயை ஆற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"நீங்க ஒண்ணும் போவேணாம். உங்க பேச்ச வெட்டிட்டு எனக்கு அனுப்புனதே மேடம்தான், 'குரூப்ல போடு, நாளைக்கு மேனேஜரக் கூட்டியாந்து உன் புருஷன நல்லாத் திட்டுவேன், மனசுல வச்சுக்காத'ன்னு அப்பவே சொல்லிட்டாங்க."